மேட்டூர் திறந்தால் சீசன் முடிந்தது

கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய் நிழலில்,
சுமைதூக்கும் ஒன்பது பேரும்
ஒரு செல்போனைச் சுற்றி நிற்கிறார்கள்.
ஈரப்பதம் பார்க்கும் மிஷின் சும்மா கிடக்கிறது.
கபடி ஏலம் ஓடுகிறது.

நாற்பது லட்சம். நாற்பத்தைந்து.
சுத்தியல் விழுந்தபோது அறுபத்தொன்று.
வைரக்கண்ணு மகன் இளஞ்சேரன்
அவன் பார்த்தேயிராத ஓர் ஊருக்கு விலைபோனான்.
அப்படிச் சொல்லலாமா, தெரியவில்லை.
மாட்டுச் சந்தையில் அப்படித்தான் சொல்வோம்.

மூட்டைக்குப் பத்து ரூபாய் கூலி.
பில் எழுதும் பேனாவால் உள்ளங்கையில் வகுத்துப் பார்த்தேன்:
ஆறு லட்சத்துப் பத்தாயிரம் மூட்டை.
சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.
ஒருவன் மட்டும் கேட்டான்:
"ஏத்துறதுக்கா, இறக்குறதுக்கா?"

அவன் அப்பன் ஆடிய டீமுக்கு நான் பொருளாளர்.
நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.
தொண்ணூற்றொன்று, பங்குனி, பாமணிக்கரைப் போட்டி,
முதல் பரிசு ஆயிரத்தொரு ரூபாய்.
பஸ் நூற்றெண்பது. சோடா முப்பத்தைந்து.
பக்கிரிசாமி தோளுக்குக் கட்டு நாற்பத்திரண்டு.
மிச்சம் எட்டுப் பங்கு,
ஆளுக்குத் தொண்ணூற்று மூன்று.
பொருளாளருக்குப் பங்கில்லை.
கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

தாளடி அறுத்த வயல்தான் எங்கள் தரை.
அடிக்கட்டையைச் செதுக்கி, சாம்பலில் கோடு போட்டு
மாசியில் தொடங்குவோம்.
மேட்டூரில் மதகு தூக்கினார்கள் என்று ரேடியோ சொன்னால்
இன்னும் பத்து நாள் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.
பிறகு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து
நடுக்கோட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.
அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பக்கிரிசாமி கூத்தாநல்லூர் ரைஸ்மில்லில் நெல் அவிக்கப் போவான்.
ஜெகபர் அலிக்குத் தையல் மிஷின்.
இருதயராஜ் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு
மெழுகுவர்த்திப் பெட்டியோடு பஸ் ஏறினால்
தேர் முடிந்துதான் திரும்புவான்.
வைரக்கண்ணு உர டிப்போவில் மூட்டை சுமந்தான்.
மாவட்டமே பிடிக்க முடியாத அந்த முழங்கால்
ஆட்டத்தில் போகவில்லை.
ஐப்பசி மழையில், ஈரப்பலகையில்,
யூரியாவுக்கு அடியில் போனது.
அதை எழுத நோட்டில் பத்தி இல்லை.

போன வாரம் இளஞ்சேரன் வந்தான்.
வெள்ளைக் கார், ஏசி, பின்சீட்டில் முட்டை டப்பா,
மஞ்சள்கருவை எடுத்துவிட்டு எண்ணித்தான் தின்ன வேண்டுமாம்.
பைக் ஓட்டக் கூடாது. ஊர்ப் போட்டி ஆடக் கூடாது.
எல்லாம் பதினெட்டுப் பக்கம், கையெழுத்துப் போட்டிருக்கிறான்.
சாக்கு அடுக்கைப் பார்த்தபடி நின்றான்.
உள்ளங்கையை உள்ளங்கையில் தேய்த்தான்.
"மாமா, ஒண்ணே ஒண்ணு தூக்கிப் பாக்கட்டா?"

நாற்பது கிலோ அவனுக்கு ஒரு பொருட்டில்லை.
ஆனால் அந்த முதுகு இப்போது அவனுடையது மட்டுமில்லை.
"சும்மா இருடா" என்றேன்.
இருந்தான்.
சும்மா இருக்கவும் அவனுக்குச் சம்பளம் உண்டு.
பொறாமையா என்றால், ஆமாம்.
அவன் அப்பனுக்கு அந்தச் சம்பளம் கிடைத்திருந்தால்
இன்றைக்கும் காரைவிட்டு இறங்கி நடப்பான்.

முன்சீட்டுக் கண்ணாடி இறங்கியது.
வைரக்கண்ணு தூங்கவில்லை போலிருக்கிறது.
"பாமணிக்கரைப் பணம்" என்றான்.
முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, நலம் விசாரிக்கவில்லை.
"எல்லாருக்கும் தொண்ணூத்தி மூணு.
எனக்கு மட்டும் எம்பத்தாறு குடுத்தே."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.
மகன் செல்போனைப் பார்த்தான்.
சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது.
ஜன்னல் வழியாக நீட்டினேன்.

வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
"மூணு ரூபா சில்லறை இல்லையே" என்றான்.
கண்ணாடி ஏறியது.