அடுத்த கதவு

மருத்துவர் கொடுத்த அட்டைத் துண்டு
பதினொரு நாள் என் சட்டைப்பையில் கிடந்தது.
செவ்வாய், மாலை ஆறரை, மீனவர் நலக்கூடம், அறை இரண்டு.
ஒருமுறை சட்டையோடு சேர்த்துத் துவைத்தும் விட்டேன்.
எழுத்து போகவில்லை.
பாழாய்ப்போன பென்சில்.

குஷிரோவில் ஜூன் மாதம் என்றால் மூடுபனிதான்.
எதிரே வருகிறவன் யாரென்று
அவன் இருமினால்தான் தெரியும்.
ஒளிந்து திரிய இதைவிடத் தோதான ஊர் கிடையாது.
ஆனாலும் கூடத்தின் வாசலை மூன்று தடவை கடந்து போனேன்,
மீன்சந்தைக்கு அவசரமாகப் போகிறவன் மாதிரி.
மாலை ஆறரைக்கு என்ன சந்தை?

நுழைந்தது தவறான அறை.
ஒன்பது பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார்கள்.
"மன்னிக்கணும், நான்..." என்று இழுத்தேன்.
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் ஒருத்தி சொன்னாள்:
"அடுத்த கதவு."
எதைத் தேடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை.

வாசலில் எட்டு ஜோடிக் காலணிகள்.
நான்கு, பெண்களுடையவை.
இங்கே மனைவிமாரும் வருவார்களாம்.
குடித்தது ஒருவர்தான்,
தள்ளாடியது வீடு.

என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.
சிஸூரு ஒபிஹிரோவில், அக்காள் வீட்டில்.
மகளின் பள்ளிப்பையை எடுத்துப் போனபோது
கோபம் என்று நினைத்தேன்.
சோற்றுக் குக்கரையும் எடுத்துப் போயிருந்தாள்.
அடுப்படி மேடையில் அந்த வட்டமான வெள்ளைத் தடத்தைப் பார்த்த பிறகுதான்
உட்கார்ந்துவிட்டேன்.

விதி ஒன்றுதான்.
பேசலாம், கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது.
புத்திமதி கூடாது, ஐயோ பாவம் கூடாது.
இருபத்தாறு வருடமாக எனக்குப் பதில் சொன்னவர்கள்
அண்ணன், மேலாளர், இரண்டு போலீஸ்காரர்கள்,
வாயைத் திறக்கச் சொன்ன பல் மருத்துவர் உட்பட.

சஸாமோரி எழுந்தார், முழுப் பெயரையும் சொன்னார்.
கணவாய்ப் படகில் முப்பது வருடம்.
கொல்லைப்புற மண்ணெண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால்
புட்டியைச் செருகி வைத்த சாமர்த்தியத்தை விவரித்தார்.
அடுத்து அவர் மனைவி எழுந்து
முதல் வாரமே தெரியும் என்றார்,
தினம் அதில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றியது தான்தான் என்றார்.
சிரித்தோம்.
சிரிப்புக்கு விதி இல்லை போலிருக்கிறது.

நுகினா ஃபுமியே தனியாக வந்திருந்தார்.
கணவர் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.
போய்ச் சேர்ந்து நான்கு வருடம்.
"இந்த வாரமும் அவர் குடிக்கவில்லை" என்றார்,
உட்கார்ந்தார்.
நான் என் காலுறையின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முறை.
"ஹதகேயாமா யோஷினோபு.
துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்."
நின்றேன்.
"ஓட்டினேன்."
அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.
அந்தக் காலத் திருத்தம் ஒன்றுதான்
அன்றைக்கு என்னால் ஆனது.
ஏழெட்டுத் தலைகள் மெல்ல அசைந்தன.

பார்லித் தேநீர் கொடுத்தார்கள்.
கை நடுங்கி மேசையில் பாதி.
துடைக்க யாரும் பாய்ந்து வரவில்லை.
மடித்த துணி ஒன்று
கை மாறிக் கை மாறி
என் பக்கம் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு இரண்டு வழி.
குறுக்கு வழியில் பதினான்கு கடை,
பதினான்கிலும் என் கணக்கு.
எல்லாக் கடையும் காகித விளக்கேற்றும் நேரம் அது.
சஸாமோரி ஒன்றும் சொல்லாமல்
ஆற்றோரமாகத் திரும்பினார்; நானும் திரும்பினேன்.
மூட்டுவலிக்காரர், தாங்கித் தாங்கி நடந்தார்.
தூரத்தில் ஒரு கப்பல் குரல் கொடுத்தது.
பாலம் முடியும் இடத்தில், "சரி" என்றார்,
வந்த வழியே திரும்பி நடந்தார்.
அவர் வீடு அந்தப் பக்கம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
பனி அவரை மூடிய பிறகும்
ஒரு கால் மட்டும் இழுபடும் சத்தம் கேட்டது.

குடிக்கவில்லை அன்றைக்கு.
தூங்கவும் இல்லை.
அடுத்த செவ்வாய் போவேனா, சொல்லத் தெரியவில்லை.
போனால் சரியான கதவைத் தட்டுவேனா, அதுவும் தெரியாது.
பரவாயில்லை.
பின்னுகிறவள் சொல்லிவிடுவாள்.