எடைமேடைக்குத் தெரியாதவை

ஆடி ஒன்று. கச்சான் காற்று
வாலிநோக்கத்தில் ஒரு மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டது.
எடைமேடையின் சிவப்பு எண்கள் அணைந்ததும்
நானும் இந்த அறையில் ஒரு நாற்காலி.
வெளியே உப்பேற்றிய மூன்று லாரிகள்
எடையே இல்லாமல் நின்றன.

சாப்பாடு தேடி சாயல்குடி போன சேர்மக்கனி
இரண்டு வட்டுக் கருப்பட்டியோடு திரும்பினார்.
அது மட்டும்தான் கிடைத்ததாம்.
செங்கோடன், சேலம், போனை அணைத்துப் போட்டுவிட்டு
டயரில் சாய்ந்திருந்தார்.
மூன்றாம் வண்டிக்காரர் நல்ல தூக்கம்.

தூண்டிலும் ஒரு விளமீனுமாய் வந்தவர் சீனி நைனா.
நான் மேட்டில் அடுக்கிய விறகைப் பார்த்துச் சிரித்தார்:
"இந்தக் காத்துல மீன் இங்கன இருக்கும்,
தீ தொண்டியில இருக்கும்."
முழங்கை ஆழத்துக்குக் குழி.
காற்று வரும் பக்கம் மணல் வரப்பு.
அடியில் காய்ந்த பனையோலை, மேலே உடைமரக் கட்டை.
ஒவ்வொன்றும் கையைக் கிழித்துவிட்டுத்தான் எரியப் போனது.

சட்டி வேண்டுமா என்றேன்.
உப்பு வேண்டும் என்றார். ஒரு கூடை.
தார்ப்பாயை விலக்கி
செங்கோடனே தன் லோடிலிருந்து அள்ளிக் கொடுத்தார்.
குடலை எடுத்து, செதிலை அப்படியே விட்டு
(செதில்தான் சட்டி)
ஈர உப்பில் மீனைப் புதைத்து, மேலே கங்கு.
அரைமணியில் தட்டிப் பார்த்தால் பானையோட்டுச் சத்தம்.
ஓட்டோடு தோலும் கழன்று வந்தது.
"உப்புப் பத்தல" என்றார் சேர்மக்கனி.
இத்தனை அம்பாரத்துக்கு நடுவே
அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்.

அப்புறம்தான் செங்கோடன் கேபினில் ஏறி
துண்டில் முடிந்த மூன்று தேங்காய்களை இறக்கினார்.
இந்நேரம் அவர் தெருவில்
வாசலுக்கு வாசல் நெருப்பு; ஆளுக்கொரு தேங்காய்
குச்சி முனையில் கருகிக்கொண்டிருக்குமாம்.
லாரிப் படியில் தேய்த்துத் தேய்த்து நாரெடுத்தார்.
ஸ்க்ரூடிரைவரால் ஒரு கண்ணைத் திறந்து
பாதித் தண்ணீரை எங்களுக்கு ஊற்றினார்.
பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், டப்பாவில் தயார்.
வெல்லத்தை மட்டும் வழியிலேயே எறும்பு முடித்திருந்தது.
சேர்மக்கனி ஒன்றும் சொல்லாமல்
கருப்பட்டியை ஸ்பேனரால் நுணுக்கினார்.

அழிஞ்சில் குச்சிதான் முறை. இங்கே ஏது?
முள் சீவிய உடைக்குச்சி.
மஞ்சள் பூசவேண்டும். இல்லை.
"காய்க்கு என்னங்க தெரியும்" என்றார்,
தெரியக் கூடாதே என்ற முகத்தோடு.

முதல் காய் வெடித்தது.
கழுத்துவரை நிரப்பினால் வெடிக்கும் என்பதை
வெடித்த பிறகு சொன்னார்.
சீனி நைனாவின் தாடியில் இரண்டு பருக்கை.
இரண்டாவதைக் கங்குக்குச் சற்று மேலே பிடித்து
சுற்றினார், சுற்றினார்,
பேச்சுக் கொடுத்தால் பதில் இல்லை.
ஓடு கோடுவிட்டு, உள்ளிருந்து தேங்காய்ப்பால் கொதித்து
கருப்பட்டி வாசம் கச்சானில் ஏறியது.
தூங்கியவர் எழுந்து வந்து கேட்டார்:
"யார் வீட்டுல விசேஷம்?"
மூன்றாவது காயில் பாதி அவருக்கே போனது.
பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

தேங்காய்த் தண்ணீரில் வெந்த அரிசி.
பருப்பு பல்லில் நின்றது.
பறந்த மணல் கொஞ்சம். அதையும் மென்றோம்.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
செங்கோடன் வண்டியை மேடையில் ஏற்றி
ஜன்னல் வழியே குனிந்தார்:
"ஒரு கூடை கொறையுமேங்க?"
என் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே
ஒரு மீனின் உப்போ மூன்று தேங்காயோ
அதற்குத் தெரியாது.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
மொத்த எடைக்குப் பக்கத்தில்
என் கட்டைவிரல்,
கருப்பட்டி நிறத்தில்.