ஓரத்தில் தொடங்கியது

இரவெல்லாம் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டிவிட்டு
காலை எட்டரைக்குப் படுப்பவள் நான்.
சத்துவாச்சாரியில் மேற்குப் பார்த்த அறை, இரண்டாம் மாடி.
மூன்று பக்கம் சுவர்,
நான்காம் பக்கம் வெயில்.
ஒரு மணிக்கு மேல்
இமைக்குள்ளேயே ஆள் நடமாடுவது போல வெளிச்சம்.

சித்திரை பாதி கழிந்ததும்
எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வந்த கறுப்புத் தாளை
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
கீழ்ப்பாதிக்குத்தான் இருந்தது.
மேல்பாதிக்கு நாளை கொண்டுவரலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம்
டிக் என்றது,
பேனா மூடியைத் திறக்கிற மாதிரி.
புரண்டு படுத்தேன்.

சாயங்காலம் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு முடி.
துடைத்தேன். போகவில்லை.
நகம் வைத்தேன். இடறியது.

கீழே சந்தில் மட்டை, பந்து, கூச்சல்.
வீட்டுக்காரர் முனிரத்தினம்
அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தார்,
குனிந்து எபிநேசரைப் பார்த்தார்.
கணக்கு முடிந்தது.
"இன்னாடா, மாடி வரைக்கும் இஸ்து அடிக்கிறியா?"
பையன் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று இரவு நான் வேலைக்குக் கிளம்பும்போது
அவன் அம்மா ரூத் படியேறி வந்தாள்,
ஷூ கம்பெனி நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
நான்காய் மடித்த நானூறு ரூபாய்.
"மீதி சம்பளம் வந்ததும்."
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்ல
ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்,
அப்போது என்னிடம் இல்லை.

பிறகு
செலோடேப் ஒட்டினேன், வெயில் அதை உரித்தது.
கூட வேலை செய்பவளின் நிறமில்லாத நெயில் பாலிஷை
விரிசல் மேல் வழித்தேன்.
ஆய்வகப் புத்தி, சும்மா விடுமா,
நுனியில் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதினேன்:
மே ஆறு.
மே ஒன்பது.
பதினேழில் தாழ்ப்பாளைத் தாண்டிவிட்டது.
ராத்திரி பத்து மணிக்கும்
மலைப்பாறை சூட்டைக் கீழே வைக்காத ஊரில்
கண்ணாடியை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

தோட்டப்பாளையத்திலிருந்து கலீக் பாய் வந்தார்.
டேப்பை இழுத்து அளந்தார். நாலு எம்எம் என்றார்.
விரிசலை விரலால் படித்தார்,
கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு.

"பந்து பட்டா ஒரு கண்ணு இருக்கும்மா,
அதைச் சுத்தி வலை மாதிரி ஓடும்.
இது ஓரத்துல பொறந்து, நேரா வந்து,
அப்புறம் வழி தெரியாம அலையுது.
சூடு.
இந்தத் தாளை ஒட்டினது யாரு?
பாதி வேகுது, பாதி வேகல,
கண்ணாடி யார் பக்கம் நிக்கும்?"

நானூறையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை.
படிக்கட்டடியில் உட்கார்ந்து
எபிநேசர் மட்டைப் பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டிருந்தான்.
சொன்னேன்.
உன் பந்து இல்லை. என் தாள். வெயில்.

கொஞ்ச நேரம் டியூபையே பார்த்தான்.
"அப்ப அது சிக்ஸர் இல்லியாக்கா?"

பக்கத்துத் தெரு பசங்க வந்து
அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.
மூன்று வாரமாக அவனுக்குத்தான் ஓப்பனிங்.
"அம்மா கிட்ட சொல்லிக்கோ,
அவங்க கிட்ட வேணாங்க்கா."

முனிரத்தினத்திடமும் சொன்னேன்.
அட்வான்சில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.
பையனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை
பழைய கண்ணாடியைக் கோணியில் சாய்த்து
கலீக் பாய் சந்துக்குக் கொண்டுவந்தார்,
என் தேதிகளோடு.
விளையாட்டு நின்றது. சுற்றிக்கொண்டார்கள்.
எபிநேசர் மட்டும் தள்ளி நின்று
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பாய், பந்து எங்க பட்டுச்சு?"

அவர் நிமிர்ந்து ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்.
பிறகு கண்ணாடியின் நட்டநடுவே,
ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில்,
விரலை வைத்தார்.