முப்பத்திரண்டு நெறி

காலில் திருக்கை முள் ஏறிய வருஷம்
தொடை இடுக்கில் நெறி கட்டியது.
புன்னைக்காய் அளவு. தொட்டால் உயிர் போகும்.
"முள்ளுக்குக் காவல் நிக்குது, அமுக்காத" என்றாள் அம்மா.
ஒரு வாரத்தில் தானாய்க் கரைந்தது.

வயிற்றுக்குள்ளும் அப்படிக் காவல் உண்டென்று
மதுரையில் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.
மருந்துச்சீட்டின் முதுகில் இரைப்பையை வரைந்தார்.
எனக்கு அது செத்த கணவாய் மாதிரி இருந்தது.
சுற்றிலும் புள்ளி வைத்தார்:
ரத்தக்குழாய் ஓரம், ஈரலுக்கு அடி, மண்ணீரல் போகிற வழி.
"இதையெல்லாம் வழிச்சு எடுத்துடுவோம்மா."

வழிப்பது எனக்குத் தெரியும்.
மண்டபம் நண்டுக் கம்பெனியில் பதினோரு வருஷம்.
அவித்த நண்டை உடைத்து
அறை அறையாய்க் கத்தி முனையால் சதை எடுப்பது.
கிலோவுக்குக் கூலி.
நீல விளக்கடியில் பரப்புவார்கள்,
நகக்கண் அளவு ஓடு கிடந்தாலும் மின்னும்,
தட்டு திரும்பி வரும்.
பெர்பெத்துவா அக்கா மட்டும்
கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பாள்.
விளக்குக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது என்பாள்.

தையல் பிரித்த அன்று காகிதம் வந்தது.
எடுத்தவை முப்பத்திரண்டு.
ஐந்தில் இருக்கிறது.
சகாயம் அந்த ஐந்தையே திரும்பத் திரும்பப் படித்தார்.
என் மனசு முப்பத்திரண்டில் நின்றது.
யார் எண்ணியது?

கேட்டேன். நர்ஸ் சிரித்தாள்.
கீழே லேபில் ஒரு மேடம்,
வெட்டி வந்த கொழுப்பைத் தட்டில் வைத்து
பிசைந்து பிசைந்து தேடுவாராம்.
சிலது மொச்சை அளவு, சிலது கடுகு.
கொழுப்புக்கும் அதுக்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காதாம்.
விரலுக்குத்தான் தெரியுமாம்.

ராத்திரி வலி மருந்து இறங்கிக்கொண்டிருக்க
அவளை நினைத்தபடி கிடந்தேன்.
பேர் தெரியாது. உறை போட்ட கை.
பதினெட்டு, பத்தொன்பது என்று வாய்க்குள் முணுமுணுத்து,
பக்கத்து அறையில் டீ ஆறிப்போக,
இன்னும் ஒன்று ஒளிந்திருக்குமோ என்று
மறுபடி முதலிலிருந்து தடவியிருப்பாள்.
கூலியா, மாசச் சம்பளமா?

சுத்தமாய் இருந்த இருபத்தேழும் போச்சு.
அதுகள் என்ன செய்தன.
ஒரு படகு எல்லையைத் தாண்டினால்
பக்கத்தில் வலை இழுத்தவனையும்தான் பிடித்துப் போகிறார்கள்.
அவன் திரும்பி வருகிறான், சில சமயம்.

இப்போது ஆறு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி.
கஞ்சி இறங்கியதும் வேர்த்துக் கொட்டும்.
பாம்பன் பாலத்து ரயில் மாதிரி ஊர்ந்து சாப்பிடு
என்கிறான் மகன்.
மருந்து ஏற்ற இன்னும் நாலு தடவை போகணும்.
முடி கொட்டுவது பரவாயில்லை, விரல் நுனி மரத்துப்போவதுதான்.

திங்கட்கிழமை அரை நாள் மட்டும் கம்பெனிக்குப் போனேன்.
என் இடத்தில் வேறு பெண். நகர்ந்து கொடுத்தாள்.
முதல் தட்டுச் சதையில் கையை வைத்துக் கண்ணை மூடினேன்.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மரத்த விரலிலும் ஏதோ தட்டியது.
எடுத்து ஓரமாய் வைத்து
ஒன்று என்றேன், சத்தமாகவே.

"என்னத்தடி எண்ணுற?" என்றாள் அக்கா.