இடது பக்கம்

முப்பத்திநாலு வருஷம்
ராணிப்பேட்டை தோல் ஷாப்பில்
ஆசிட் தொட்டிக்கு நான்தான் காவல்.
தாளை நனைத்து நிறம் பார்த்துச் சொல்வேன்:
இரண்டே முக்கால். போதும்.
டிரம்மை நிறுத்து.

இப்போது ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
என் தொண்டை வரைக்கும் ஏறுகிறது ஒரு தொட்டி.
நிறுத்து என்றால் கேட்க ஆளில்லை.
எழுந்து உட்கார்ந்து
எதுக்களித்ததை விழுங்கிக்கொண்டு
முகுந்தராயபுரம் பக்கம் கூட்ஸ் வண்டி
எத்தனை பெட்டி என்று எண்ணுவேன்.
ஐம்பத்தெட்டு. சில நாள் ஐம்பத்தொன்பது.

வேலூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா
சீட்டின் பின்பக்கம் கட்டில் படம் போட்டுக் காட்டினாள்.
ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடணும்.
தலையணையை அடுக்கக் கூடாது,
கட்டிலின் தலைமாட்டையே தூக்கணும், அரையடி.
அப்புறம், இடது பக்கமாகப் படுங்க.

காலுக்கு இரண்டாக நாலு செங்கல் வைத்தேன்.
விடிவதற்குள் நானும் தனபாக்கியமும்
கால்மாட்டில் குவிந்து கிடந்தோம்.
“இன்னாயா, கட்டிலா சறுக்குமரமா?”

பிரியாணி மதியத்துக்குப் போனது.
ராத்திரி காபி போனது.
அதெல்லாம் பழகிவிட்டது.

இடது பக்கம்தான் பழகவில்லை.
வலது பக்கம் சுவர்.
நாற்பத்திரண்டு வருஷம் அதைப் பார்த்தே தூங்கினேன்.
சண்டை கிண்டை இல்லை.
குளித்தாலும் போகாது ஷாப்பு நாற்றம்;
புதுசாக வந்த பெண்ணுக்குக் குமட்டுமே என்று
முதல் மாசம் திரும்பிப் படுத்தவன்
அப்படியே இருந்துவிட்டேன்.

நேற்று இடதில் திரும்பினால்
ஜீரோ வாட் பல்பில்
திறந்திருக்கின்றன அவள் கண்கள்.
வாய் எதையோ மெல்கிறது.
“இன்னா அது?”
தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்,
ஜெலுசில் அட்டை. மூணு மாத்திரைதான் மிச்சம்.
“எத்தினி நாளா?”
“நீ ரிட்டையர் ஆனதுலேருந்து.”
“சொல்லவேயில்லையே.”
“நீதான் செவுத்தைப் பாத்துனு இருந்தியே.”

திங்கட்கிழமை அவளையும் கூட்டிப் போகணும்.
அவளுக்கும் இடது பக்கம்தான் என்பாள் டாக்டரம்மா.
அப்புறம் எனக்குத் தெரியப்போவது
அவள் முதுகும்
ரவிக்கைக்கு மேலே ஒரு மச்சமும்.

இருக்கட்டும்.
நாற்பத்திரண்டு வருஷம்
அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்
என்றாவது தெரியும்.