மஞ்சள் முனை

கஸ்தூரியார் வீதியில்
இந்தப் பக்கம் நகைக்கடை, அந்தப் பக்கமும் நகைக்கடை.
நடுவில் எட்டடி அகலத்தில் நான்
வயர் விற்கிறேன்.

கமராவைக் கொண்டுவந்தவர் குகனேசன்.
நாலடி பின்னால் அவர் மனைவி, மடக்கிய குடையோடு.
கனடாத் தம்பி விட்டுவிட்டுப் போனதாம்.
பெரிய விலையுமில்லை, மலிவுமில்லை,
உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறச் சாமான்.
பக்கத்துத் திரையை விரித்தேன். ஒருக்கால் மின்னி
பிறகு கறுத்துப்போச்சு.
"தங்கச்சியின்ர கலியாணம் உள்ளுக்குக் கிடக்கு.
சீடியில அடிச்சுத் தாங்கோ."

கைவாரை விலக்கினால் ஒரு ரப்பர் மூடி.
மூடிக்குள் மூன்று வாய்.
யூஎஸ்பியில் கொழுவ, கணினி
இது ஆரென்று கேட்டது;
அறிமுகம் செய்துவைக்கிற தட்டு ரொறொன்ரோவில்.
எச்டிஎம்ஐ வாய் மிகச் சின்னது; அந்த அளவு வயர்
கொழும்பிலிருந்து வியாழன்தான் வரும்.
மிஞ்சியது பழைய வாய்.
ஒரு முனை கமராவுக்குள், மறுமுனை மூன்றாய்ப் பிரியும்:
மஞ்சள் படத்துக்கு,
வெள்ளை இடது காதுக்கு, சிவப்பு வலதுக்கு.

ரீவியில் செருகிப் பிளேயை அமத்தினேன்.
படம் இல்லை. வெறும் நீலம்.
நீலத்துக்குள் தவில் அடித்தது.

மஞ்சள் முனையை ஊதினேன், சட்டையில் துடைத்தேன்,
உருட்டி உருட்டிச் செருகினேன்.
அதற்குள் கலியாணம் பாதி நடந்துவிட்டது.
ஐயர் எங்கேயோ கிணற்றுக்குள் நின்று ஓதினார்.
மாப்பிளை இல்லை, பொம்பிளை இல்லை,
கமராவைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும்
சத்தமில்லாமல் சிரித்திருப்பார்கள், ஆகவே அவர்களும் இல்லை.
அறுநூறு சனம் சேர்ந்து ஓர் இரைச்சல்.
கிட்டத்தில் மட்டும்,
மைக்குக்கு நாலு விரல் தள்ளி,
ஒரு மூச்சு.

"மாமா, கொஞ்சம் அரக்குங்கோ."
சேலை உரசியது. ஓர் இருமல்.
"சிரியுங்கோ... ஓம், அப்பிடித்தான்."
கெட்டிமேளம் எழும்பி அடங்கியது.
பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல்,
பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில்:
"அது என்ர காப்பு."

கடைக்குள் மூன்று பேர் நின்றோம்.
காற்றாடி சுற்றியது.
குகனேசன் நீலத்தையே பார்த்தார், அதில்
ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.
அவ குடைக்கம்பிகளை எண்ணினா.
பதின்மூன்று நாளைக்கு ஒருக்கால் எனக்கு இப்படி வாய்க்கும்:
ஆருடைய வீட்டுக்குள்ளோ
செருப்போடு நிற்பேன்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் பிடித்தது.
படம் தொப்பென்று விழுந்தது:
குனிந்த தலை, நெற்றிச்சுட்டி,
மாலைக்காக உயர்ந்த இரண்டு கை,
இடதுகையில் தடித்த முறுக்குக் காப்பு, சோடியாக.
இடைநிறுத்தும் பொத்தானில் என் பெருவிரல் இருந்தது.
அமர்ந்துவிட்டது.
தவறி என்றுதான் சொல்வேன்.

குகனேசன் செருமினார்.
"சத்தத்தை எடுத்துப்போட்டுப் பாட்டு விடலாம்தானே.
எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."
"ஓம், லேசு.
வெள்ளையையும் சிவப்பையும் கழட்டிவிட்டாச் சரி."
"அப்பிடியே செய்யும்.
தம்பிக்கு ஒண்டு, தங்கச்சிக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு."
"பற்றறி நடுவில விழுந்தா முதல்ல இருந்து அடிக்கவேணும்,
சார்ஜரையும் தந்திட்டுப் போங்கோ."
சார்ஜர் மோட்டச்சைக்கிளில் இருந்தது.
எடுக்கப் போனார்.

அதற்குள் கரண்ட் போய்
இரண்டு பக்கத்து ஜெனரேற்றரும் ஒன்றாய் உறுமத் தொடங்கின.
என்னிடம் ஜெனரேற்றர் இல்லை.
இருட்டின ரீவிக்கு முன்னால்
அவ முதல்தரம் மேசையடிக்கு வந்தா.
மஞ்சள் முனையைத் தொட்டு
அரை அங்குலம் தள்ளி வைத்தா.

"எனக்கும் ஒண்டு வேணும்.
வெள்ளையும் சிவப்பும் மட்டும்."

"படம் வேண்டாமோ அக்கா?"

"படம் நான் பாத்தனான்."