இருபத்தைந்து மில்லிமீட்டர்

பரஞ்சோதி மோட்டாரில் இரவு ஷிப்டுக்குக் கிளம்பியதும்
போர்ச் விளக்கைப் போட்டேன்.
கறுப்பு ஜெர்மன் வண்டி. ஏலத்தில் எடுத்தது,
புது மைவியைவிட மலிவு.
காற்றுப்பை போனால் கட்டுப்படியாகாதென்று
பட்டர்வொர்த்தில் ஒருத்தரும் சீண்டவில்லை.

அவருக்கு உயரம் வேண்டும்.
துரையின் ஜீப் லயத்துப் பக்கம் வந்தால்
கால்வாயோரம் ஒதுங்கி நின்று
சக்கரத்தை மட்டும் பார்த்த பிள்ளை.
இன்று பாடாங் செராய் சமிக்ஞை விளக்கில்
செம்பனை லோரிக்காரனைக் கண்ணுக்குக் கண் பார்க்கிறார்.
பார்க்கட்டும்.

நான் நாலடி ஒன்பது அங்குலம்.
முட்டியை முதலில் தூக்கி வைத்து,
கைப்பிடியில் தொங்கி,
பங்குனி உத்திரத்தன்று பட்டுச்சேலையோடு
கோயில் வாசலில் ஊரே பார்க்க
மூட்டை ஏறுவதுபோல ஏறினேன்.
அவர் ஹார்ன் அடித்தார், செல்லமாக.

ஷோப்பியில் கேபிள், முப்பத்தெட்டு வெள்ளி.
முதலில் வந்தது போலி.
அடுத்து வந்ததும் போலிதான், ஆனால்
வண்டியோடு பேசத் தெரிந்த போலி.
மகளின் லேப்டாப், மூடியெல்லாம் பூனை ஸ்டிக்கர்.
பேட்டரி இறங்காமலிருக்கச் சார்ஜர்.
நாலு கதவையும் சாத்தினேன்.
மட்கார்டுக்குள் கையை விடாதே என்று
எனக்கு நானே ரெண்டு தடவை சொன்னேன்.

டேப்பைப் பிடித்தேன்.
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
முன்னால் நானூற்றுத் தொண்ணூற்றேழு,
பின்னால் ஐந்நூற்றிரண்டு.
கரண்டு பில்லின் முதுகில் எழுதிக்கொண்டேன்.

பாமாயில் ஆலை எடைமேடையில்
பன்னிரண்டு வருஷம் நான்.
குத்தகைக்காரர்கள் பல்லைக் காட்டியும் கடித்தும்
ஒரு கிலோ ஏற்றியதில்லை, இறக்கியதில்லை.
ஒரு தீபாவளிக்கு முறுக்கு டின்னின் அடியில் உறை வந்தது.
டின்னோடு திருப்பிக் கொடுத்தேன்.
நல்ல முறுக்கு. வாசனையிலேயே தெரிந்தது.

இப்போது திரை கேட்கிறது:
தற்போதைய உயரம் என்ன?

இந்த வண்டியிடம் இறங்கு என்று சொல்ல வழியில்லை.
அப்படி ஒரு கட்டளையே அதற்குள் கிடையாது.
நீ இருக்கவேண்டியதைவிட உயர்ந்து நிற்கிறாய்
என்று சொல்லவேண்டும்.
அது நம்பும்.
கூச்சப்பட்டுத் தானாகக் குனியும்.

ஐந்நூற்று இருபத்திரண்டு.
தட்டிவிட்டு விரலை எடுக்காமல் இருந்தேன்.
தூரத்தில் ஆலையின் கொதிகலன் முனகியது.
அங்கேதான் அவர்.
இந்தக் காற்றில் வரும் புளித்த எண்ணெய் வாடையில்
பாதி அவர் சட்டையிலிருந்து வருவது.

பிறகு பின்பக்கம், ஐந்நூற்று இருபத்தேழு.
சேமி.

ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு.
ரொஸ்லி வீட்டுப் பூனை சுவரேறி ஓடியது.
படுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பசுவைப்போல
முதலில் பின்பக்கம், கொஞ்சம் நின்று முன்பக்கம்,
மறுபடி பின்பக்கம்.
அப்புறம் சத்தமில்லை.

அளந்தேன். நானூற்று எழுபத்திரண்டு, இரண்டு பக்கமும்.
பின் வலம் நானூற்று எழுபத்தேழு.
பின் இடம் எழுபத்தாறு.
ஒரு மில்லி. யாருக்குத் தெரியப்போகிறது?
எனக்குத் தெரியுமே.
மறுபடி உட்கார்ந்து
அந்த ஒரு மூலைக்கு மட்டும்
பொய்யைத் திருத்தி எழுதினேன்.
மணி ஒன்றரை. கொசு காலைப் பிடுங்கியது.

முகப்பு விளக்குக்கும் புது நிலை சொல்லிக் கொடுத்தேன்.
ரொஸ்லி வீட்டுச் சுவரில் வெளிச்சம்
பழைய கோட்டிலேயே வந்து நின்றது.

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து
சந்தைக்குப் போகலாம் என்றார்.
சாவியைத் திருகினார். ஒன்றும் கவனிக்கவில்லை.
நான் கதவைத் திறந்து
இடுப்பை முதலில் வைத்து
பெஞ்சில் உட்காருவதுபோல உட்கார்ந்து
காலை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

கை கியரில் அப்படியே நின்றது.
திரும்பி என்னைப் பார்த்தார்.
தலையிலிருந்து செருப்பு வரை.

"என்ன நீ, வளந்துட்டியா?"

பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.
"தெரியல," என்றேன்,
"அளந்து பாக்கணும்."